குடோனுக்குள் எஞ்சின் ஃபோர்க்லிஃப்ட்: டீசலா, கேஸா, பேட்டரியா?

பல்லடம் பக்கத்தில் பஞ்சு, நூல் குடோன் நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

மாமனார் நடத்திய குடோனை இப்போது இவர்தான் கவனித்து வருகிறார். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கன்டெய்னரில் வரும் பஞ்சு பேல்களும், நூற்பாலைகளிலிருந்து அட்டைப் பெட்டிகளில் வரும் கோன் நூலும் இங்கே இறங்குகின்றன. மூன்று டன் தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்ட் இரண்டு உண்டு. இரண்டுமே பழையதாக வாங்கியவை. மழைக்காலத்தில் சாரல் அடித்துப் பஞ்சு நனைந்துவிடும் என்று ஷட்டர்களை இறக்கிவிட்டுத்தான் வேலை நடக்கும். அந்த நாட்களில் ஆட்கள் தலைவலி, கண்ணெரிச்சல் என்பார்கள். வெள்ளை நூல் பெட்டிகளில் கரி படிகிறது என்று வாங்குபவர்களும் குறை சொன்னார்கள். கொழுந்தனாரின் யோசனைப்படி, ஐப்பசியில் ஒரு மாதத்துக்கு எல்பிஜியில் ஓடும் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். புகை நின்றது, கரியும் நின்றது. தலைவலி மட்டும் கூடியது. ஒரு நாள் கன்டெய்னருக்குள் பேல் இறக்கிக்கொண்டிருந்த சுமைத் தொழிலாளி வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 98 இருப்பதாகச் சொல்லி, வெறும் வயிற்றில் வேலை செய்ததால் வந்த மயக்கம் என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

வாசகி கேட்கிறார்: "புகையே இல்லாத வண்டியால் எப்படித் தலைவலி வரும், டாக்டர்? புது வண்டி பிடிக்காமல் ஆட்கள் இப்படிச் சொல்கிறார்களா? டீசலுக்கே திரும்பிவிடட்டுமா, எல்பிஜி வண்டியையே வாங்கிவிடட்டுமா, அல்லது இரண்டு மடங்கு விலை சொல்கிற பேட்டரி வண்டிக்குப் போக வேண்டுமா? இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறேனே, போதாதா? யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என் பொறுப்பு என்ன?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஆட்கள் சொல்வது உண்மை. முதலில் அதை நம்புங்கள். ஒரே இடத்தில் வேலை செய்யும் பலருக்கு ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல். ஷட்டர் மூடிய நாளில் அதிகம், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் சரியாகிவிடுகிறது. இப்படி ஒரு கதையை எந்தத் தொழிலகத்திலிருந்து கேட்டாலும், தொழில்சார் மருத்துவத்தில் இருக்கும் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் கார்பன் மோனாக்சைடுதான். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இது இருக்கையைப் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் ஏற இடமில்லாமல் போகிறது. மூளையும் இதயமும்தான் முதலில் தவிக்கும்.

அந்த 98 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் ஆறுதல் அடைந்திருக்கிறீர்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்ட அந்தச் சிறு கருவி, ரத்தத்தின் நிறத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதன் கண்ணுக்கு நல்ல சிவப்பாகவே தெரியும்; ஆகவே எண் சரியாக இருப்பதுபோலக் காட்டும். இந்த நச்சைக் கண்டுபிடிக்க அந்தக் கருவி உதவாது. கார்பாக்ஸிஹீமோகுளோபின் என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும், அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நான்கைந்து மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். மறுநாள் எடுத்த பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் அல்ல.

புகை தெரியாத வண்டி

கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. எல்பிஜியில் கரித்துகள் மிகக் குறைவு, நூல் பெட்டி வெள்ளையாகவே இருக்கும். ஆனால் டீசல் எஞ்சினுக்குள் எப்போதும் தேவைக்கு மிஞ்சிய காற்று போகிறது. அதனால் அதில் கார்பன் மோனாக்சைடு ஒப்பீட்டளவில் குறைவாகவே வரும். பெட்ரோலிலும் எல்பிஜியிலும் காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய அளவோடு கலக்கின்றன. கலவையில் எரிபொருள் கொஞ்சம் கூடினாலும், ஏர் ஃபில்டரில் பஞ்சு அடைத்தாலும், எரிதல் அரைகுறையாகி இந்த வாயு கொட்டும். பஞ்சு குடோனில் ஏர் ஃபில்டர் எவ்வளவு வேகமாக அடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சரியாக டியூன் செய்து, புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றிவிடும் 'மூன்று வழி வினையூக்கி மாற்றி' என்ற கருவியைப் புகைக்குழாயில் பொருத்திய எல்பிஜி வண்டியில் இது பெருமளவு குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை வண்டி அப்படி இருந்ததா என்று கேட்டீர்களா? ஆட்டோக்களுக்குப் புகைப் பரிசோதனை செய்யும் மையங்களில் கார்பன் மோனாக்சைடு சதவீதம் காட்டும் கருவி இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அந்தத் தொழிலாளி கன்டெய்னருக்குள் விழுந்தது தற்செயல் அல்ல. நாற்பது அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 67 கன மீட்டர். அதில் 13 லிட்டருக்குச் சற்று மேல் கார்பன் மோனாக்சைடு கலந்தால் போதும், 200 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 200 பங்கு, ஆகிவிடும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், ஒரு கணம்கூடத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைக்கும் எல்லை அது. எட்டு மணி நேரச் சராசரிக்கு அந்த நிறுவனம் சொல்லும் அளவு 35 பிபிஎம். இப்போது வண்டியைப் பாருங்கள். டியூன் கெட்ட எல்பிஜி எஞ்சின் நிமிடத்துக்கு 500 லிட்டர் புகை விடுகிறது, அதில் நூற்றுக்கு ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு என்று வையுங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர். மூன்றே நிமிடம். ஒரு பேலைக் கவ்வி, பின்னுக்கு வந்து, வெளியே வைத்துவிட்டுத் திரும்பி உள்ளே போகும் நேரம்தான் அது. ஓட்டுநராவது ஒவ்வொரு நடைக்கும் வெளிக்காற்றுக்கு வருகிறார். உள்ளேயே நின்று பேலை நெம்பிக் கொடுப்பவர் வருவதில்லை. விழுந்தது அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியானால் டீசலுக்கே திரும்பலாமா என்றால், குடோனுக்குள் வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. 1988 முதல் அது 'தரக்கூடும்' என்ற பிரிவில்தான் இருந்தது. நுரையீரல் புற்றுநோய்க்குப் போதிய சான்று கிடைத்த பிறகே மாற்றினார்கள். பெட்டியில் படிந்த கரிதான் ஆட்களின் மூச்சுக்குழாயிலும் படிகிறது. வாங்குபவர் குறை சொன்னதால் பெட்டி கவனத்துக்கு வந்தது, அவ்வளவுதான். கூடவே வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், அதிகமானால் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டீசல் வண்டியிலும் பழைய இன்ஜெக்டர், மூடிய இடம் இரண்டும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு ஏறத்தான் செய்யும்.

உங்கள் தொழிலுக்கே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. எஞ்சின் வண்டியின் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பஞ்சு படிந்து கருகும். சைலன்சரிலிருந்து பொறி பறக்கும். பேலில் விழுந்த பொறி உடனே பற்றி எரியாது. உள்ளுக்குள் கனன்று, மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் கழித்து ஆளில்லாத நேரத்தில் எரியும். பொறி தடுப்பான் இல்லாத எந்த எஞ்சினும், எந்த எரிபொருளானாலும், பேல் அடுக்கியிருக்கும் இடத்துக்குள் வரக் கூடாது.

எஞ்சின் வண்டிக்கும் ஓர் இடம் உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு இரண்டு டீசல் வண்டியையும் விற்றுவிடாதீர்கள். உங்கள் யார்டு ஜல்லி கொட்டிய தரை, மழையில் சேறாகும், லாரி நிற்கும் இடத்துக்குச் சாய்தளம் ஏறி இறங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலைக்கு டீசல் வண்டி நன்றாகப் பொருந்தும். காற்றடைத்த பெரிய டயர், மேட்டில் சுமையோடு ஏறும் இழுவை, ஐந்து நிமிடத்தில் எரிபொருள் நிரப்பிவிட்டு அடுத்த லாரியைப் பார்க்கும் வசதி, மின்வெட்டானாலும் நிற்காத வேலை, கூப்பிட்ட நேரத்துக்கு வரும் உள்ளூர் மெக்கானிக். திறந்த வெளியில் அதன் புகை கலைந்துவிடும். வாங்கும் விலையும் குறைவு. இந்த நன்மைகள் எல்லாம் உண்மையானவை, அவை ஷட்டருக்கு வெளியே நிற்கும்வரை.

பேட்டரி வண்டியிலும் சிரமங்கள் இருக்கின்றன, விற்பவர் அவற்றை அழுத்திச் சொல்ல மாட்டார். ஈய அமில பேட்டரி எட்டு மணி நேரம் ஓடினால், எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டும், பிறகு சூடு ஆற வேண்டும். இரண்டு ஷிஃப்ட் ஓட்டுவதானால் இன்னொரு பேட்டரி வேண்டும். தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பொறுப்பு யாரிடமாவது இருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதமானால் ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே பேல் அடுக்கின் ஓரத்தில் பிளக் பாயின்ட் வைத்துச் சார்ஜ் போடுவது நடக்கவே கூடாது, காற்றோட்டமுள்ள தனி இடம் வேண்டும். லித்தியத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, டீ இடைவேளையில்கூடச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் முதலில் கொடுக்கும் பணம் இன்னும் கூடும்.

விலையை மட்டும் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். உள்ளே ஓடும் வண்டிக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேர வேலை, 12 லிட்டர் டீசல் என்று எழுதியிருக்கிறீர்கள். லிட்டர் 90 ரூபாய் என்றால் மாதம் 25 நாளுக்கு 27,000 ரூபாய். அதே நான்கு மணி நேர வேலைக்கு மூன்று டன் பேட்டரி வண்டி தோராயமாக 24 யூனிட் எடுக்கும். யூனிட் 10 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் மாதம் 6,000. ஆயில், ஃபில்டர் செலவும் இல்லை. சில ஆண்டுகளில் பேட்டரி மாற்ற வேண்டியதற்காக இந்த மிச்சத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவையுங்கள். மாதத் தவணையோடு ஒப்பிட்டுக் கணக்கரிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே என் ஆலோசனை: ஒரு டீசல் வண்டி யார்டுக்கு, ஒரு பேட்டரி வண்டி குடோனுக்கும் கன்டெய்னருக்கும். நடுவில் ஷட்டர்தான் எல்லை. ஷட்டர் வாசலில் ஒன்று இறக்கிவைக்க, மற்றொன்று எடுத்துப் போகட்டும். ஒரு கை மாறுவதால் நேரம் கொஞ்சம் போகும். அந்த நேரம் போகட்டும் என்றே சொல்வேன்.

கடிதத்தின் கடைசியில், எல்பிஜி வண்டியை வாங்கினால் வீட்டு சிலிண்டரைக் கட்டி ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டர் படுக்கைவாட்டில் வைக்கவும், திரவமாகவே எடுக்கவும் அமைக்கப்பட்டது. வீட்டு சிலிண்டர் நிமிர்த்தி வைத்து ஆவியாக எடுப்பதற்கானது. கசிந்தால் எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்கும். வீட்டு உபயோக சிலிண்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டின் எல்பிஜி விநியோக ஆணைப்படி குற்றமும் கூட.

எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றி

ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் வேறு வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கும்போது அது சும்மா சுற்றுகிறது. கார்பன் மோனாக்சைடு காற்றின் கனத்தையே ஏறக்குறைய ஒத்தது. மேலே போய்க் கூரையடியில் தங்காது, ஆள் மூச்சு விடும் உயரத்திலேயே கலந்து நிற்கும். மேலே வைத்த ஃபேன் கன்டெய்னருக்குள் எதையும் செய்யாது. சாரல் படாத பக்கத்து ஷட்டரை ஓர் ஆள் உயரத்துக்காவது திறந்து, எதிர்ச் சுவரில் ஃபேன் ஓடினால் ஓரளவு பயன் உண்டு. அதுவும் பேட்டரி வண்டி வரும் வரைக்கான ஏற்பாடுதான்.

பொறுப்பு பற்றி

வழக்கறிஞர் அல்லாத நான் சொல்லக்கூடியது இவ்வளவு. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக ஏற்படும் பாதிப்புக்கு முதலாளி பொறுப்பு என்பது 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து வரும் கொள்கை. ஆட்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தால் சிகிச்சையும் உதவித் தொகையும் அதன்வழியாகக் கிடைக்கும். சுமைத் தொழிலாளர்களை மேஸ்திரி மூலம் எடுப்பதால் அவர்கள் உங்கள் ஆட்கள் அல்ல என்று நினைக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் வந்தவர் என்பதற்காக உங்கள் பொறுப்பு தானாக நீங்கிவிடாது. ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். மயக்கம் நடந்த நாள், இடம், ஓடிய வண்டி, உடனிருந்தவர்கள் எல்லாவற்றையும் இப்போதே எழுதிவையுங்கள். மறைப்பதால் உங்களுக்குப் பாதுகாப்பு வராது. ஒருமுறை நடந்தது தெரிந்தும் சும்மா இருந்துவிட்டு, இன்னொருமுறை நடந்தால் அதற்குப் பதில் சொல்வது மிகக் கடினம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

டீசலோ எல்பிஜியோ, எஞ்சின் வண்டி கன்டெய்னருக்குள் நுழைவதை இன்றோடு நிறுத்துங்கள். பேட்டரி வண்டி வாங்கும் வரை அதை வாடகைக்கு எடுங்கள். அது கிடைக்கும் வரை கையால் தள்ளும் டிராலியில் பேலை வாசலுக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து எடுக்கட்டும். காத்திருக்கும் நேரத்தில் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். எஞ்சினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான் பல குடோன்களில் பாதி விஷம்.

சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்குங்கள். நீங்கள் திட்டமிடும் செலவோடு பார்த்தால் மிகச் சிறிய தொகை. ஓட்டுநரிடம் கொடுப்பதைவிட உள்ளே நிற்பவரிடம் கொடுங்கள்.

நூல் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் பெண்கள் குடோனின் உள்மூலையில் உட்காருகிறார்கள், அவர்களில் ஒருவர் ஐந்து மாத கர்ப்பிணி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் பதற வைத்த வரி அது. கருவின் ரத்தம் இந்த வாயுவைத் தாயின் ரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், தாய் தேறிய பிறகும் அங்கே தங்கும். அவருடைய மேசையை நாளைக் காலையே அலுவலக அறைக்கு மாற்றுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் இந்த வேலைச் சூழலைச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி யாருக்காவது தலை சுற்றினால் எஞ்சினை அணைத்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் "எஞ்சின் ஓடிய மூடிய இடத்தில் இருந்தார், கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் மறுபடியும் குளுக்கோஸ்தான் ஏறும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் இந்த வாயுவின் அளவு ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும், சிகிச்சையே அதுதான்.

மயங்கிய தொழிலாளியை மீண்டும் ஒரு மருத்துவரிடம் அனுப்புங்கள். ரத்தத்தில் இப்போது எதுவும் தெரியாது, ஆனால் ஈசிஜி எடுக்க வேண்டும். கடுமையான பாதிப்புக்குப் பிறகு சில நாட்கள், ஏன், சில வாரங்கள் கழித்தும் ஞாபக மறதி, நடையில் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் வரக்கூடும். வீட்டாரிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அப்படி ஏதாவது இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பஞ்சுத் தூசியாலும் மூச்சுத் தொல்லை வரும். அதற்கு வேறு அடையாளம்: விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கும். அப்படிச் சொல்பவர்கள் இருந்தால் தனியாகக் காட்டுங்கள்.

கடைசியாக உங்கள் ஓட்டுநர். ஐம்பதைத் தாண்டியவர், ரத்த அழுத்தம் உள்ளவர், பீடி பிடிப்பவர். பீடிப் புகையிலும் இதே வாயு இருக்கிறது என்பதால் அவர் ரத்தத்தில் அது முன்பே ஓரளவு இருக்கும்; இதயத்துக்கு அவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார். பேட்டரி வண்டி இழுக்காது என்று அவர் சொல்வதற்குப் பின்னால், தன்னை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கலாம். வண்டி வரும் முன்பே, அதை ஓட்டப்போவது அவர்தான், பயிற்சியும் அவருக்குத்தான் என்று நேரில் சொல்லிவிடுங்கள். விற்பவரிடம் சோதனை ஓட்டம் கேளுங்கள். அவருடைய ஷோரூம் தரையில் வேண்டாம். உங்கள் குடோனில், நீங்கள் வழக்கமாகத் தூக்கும் அதிகபட்ச பேல்களோடு, உங்கள் ஓட்டுநர் சீட் பெல்ட் போட்டு ஓட்டட்டும். முழு நாளும் ஓட்டி, மாலையில் பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவரே பார்த்துச் சொன்ன பிறகு முன்பணம் கொடுங்கள்.